உயிரற்றதாம் உப்பு!

தோழ!

கடற்கரைக்குச் சென்றிருப்பாய். அலை ஒதுக்கிய கிளிஞ்சல் ஒன்றைக் குனிந்து எடுத்திருப்பாய். ஏதோ ஓர் உயிர், தன் மெல்லுடலைக் காத்துக்கொள்ளத் தானே கட்டிக்கொண்ட கோட்டை அது. உயிர் கட்டியது, உயிர் குடியிருந்தது, உயிர் பிரிந்தபின் கரை சேர்ந்தது. மற்றொரு கையில், காற்றிலே பறந்துவந்து உன் காலைச் சுற்றிய நெகிழிப் பையை எடுத்துக்கொள். ஆலையிலே பிறந்தது அது. என்றைக்கும் மூச்சு விட்டதில்லை, பசியென்று அழுததில்லை. இரண்டையும் ஏந்திக்கொண்டு வேதியியல் வகுப்பறையின் வாயிலில் நின்று, “ஐயா, இவற்றுள் உயிர்வழி வந்தது எது? உயிரற்ற வகை எது?” என்று கேட்டுப் பார். பை ‘ஆர்கானிக்’ என்பார்கள். கிளிஞ்சல் ‘இனார்கானிக்’ என்பார்கள்!

விந்தையாக இருக்கிறதல்லவா? விந்தை பொருளில் இல்லை, தோழ, பெயரில் இருக்கிறது.

“கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு மேடையேறியவன், நாடகம் எழுதப் போனவன், இவனுக்கு வேதியியல் எங்கிருந்து வந்தது?” என்று நீ கேட்கலாம். முடித்தவர்கள் இதை நமக்கு எழுதக் காணோம். ஆகவே பாதியில் விட்டவன் எழுதுகிறேன். மேலும், நான் பேசப்போவது பெரும்பாலும் சொற்களைப் பற்றி. சொற்களோடு மாரடிப்பதே என் தொழில்.

சுவீடன் நாட்டிலே பெர்சீலியஸ் என்றொரு பேரறிஞர் இருந்தார். இன்று உலகெங்கும் வேதியியல் நூல்களில் தனிமங்களை ஓரெழுத்தாலும் ஈரெழுத்தாலும் குறிக்கிறார்களே, அந்த முறையை 1813, 1814ஆம் ஆண்டுகளில் வகுத்தவர் அவர்தான். அவர் காலத்து அறிஞர் பலர், பொருள்களை இரு சாதியாகப் பிரித்தனர். (சாதி என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதினேன்.) செடியிலும் விலங்கிலும் கிடைப்பவை ஒரு சாதி, மண்ணிலும் கல்லிலும் கிடைப்பவை மற்றொரு சாதி. முதற்சாதிப் பொருளை மனிதன் தன் கையால், கண்ணாடிக் குடுவையில், ஆக்கவே முடியாது; அதற்கு ‘உயிராற்றல்’ என்றொரு மறைபொருள் வேண்டும் என்று நம்பினர். ஆற்றலைக் கண்டவர் இல்லை, அளந்தவர் இல்லை. ஆயினும் அஃது உண்டென்றனர். உயிருறுப்புகளில் தோன்றுவது ‘ஆர்கானிக்’, அல்லாதது ‘இனார்கானிக்’ என்றனர்.

1828ஆம் ஆண்டு. பெர்சீலியஸிடமே பயின்ற வோலர் என்ற செருமானிய இளைஞர், அம்மோனியம் சயனேட் என்ற உப்பை உண்டாக்க முயன்றுகொண்டிருந்தார். மண்சாதி உப்பு அது. வந்து நின்றதோ யூரியா! மனிதரின் சிறுநீரில் இருக்கும் அதே யூரியா! சிறுநீரகமும் இல்லை, மனிதனும் இல்லை, நாயும் இல்லை. யூரியா மட்டும் வந்துவிட்டது என்று வோலர் தம் ஆசானுக்கு மடல் தீட்டினார். உயிராற்றல் என்ற கோட்டை அன்றே இடிந்துவிடவில்லை. இன்னும் பல சோதனைகள், பல ஆண்டுகள் பிடித்தன. ஆனால் முதல் விரிசல் அதுதான்.

கொள்கை செத்தது. பெயர் சாகவில்லை! இருநூறு ஆண்டுகளாகப் போகிறது. ஆங்கிலத்திலே இன்றைக்கும் அந்தச் செத்த கொள்கையின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேதியியல் வகுப்புக்கு வருகிறது. கரி அணுவை முதுகெலும்பாகக் கொண்ட சேர்மங்களை ‘ஆர்கானிக்’ என்கிறார்கள். ஆகவேதான் நெகிழிப் பை அந்தப் பக்கம் போயிற்று. கிளிஞ்சலின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அது கல்லும் சுண்ணாம்பும் இருக்கும் பக்கம் வந்து சேர்ந்தது.

இங்கேதான் தமிழைப் பார், தோழ!

தமிழ்நாட்டுப் பாடநூல் என்ன சொல்கிறது? கரிம வேதியியல், கனிம வேதியியல். கரியை வைத்து ஒன்று, கனிமத்தை வைத்து மற்றொன்று. உயிருமில்லை, உயிராற்றலுமில்லை, மறைபொருளுமில்லை. வோலருக்குப் பின்னால் உலகம் எதை அறிந்ததோ, அதை அப்படியே சொல்லும் பெயர்கள். ஒரு எழுத்துத்தான் மாற்றம். மாணவன் மறக்க வழியில்லை. “அறிவியலைச் சொல்லத் தமிழுக்குத் தகுதி உண்டா?” என்று கேட்போர், இந்த ஓரிடத்திலாவது, தகுதி எந்தப் பக்கம் கூடுதல் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

குறையே இல்லையென்று சொல்லமாட்டேன். கரியமிலவாயுவிலும் கரி இருக்கிறது, கார்பனேட்டிலும் இருக்கிறது, சயனைடிலும் இருக்கிறது. இருந்தும் அவற்றைக் கனிமப் பக்கமே வைத்திருக்கிறார்கள். எல்லைக்கோடு வளைந்துதான் ஓடுகிறது. ஆனால் வளைந்த கோட்டுக்கும் பொய்யான கோட்டுக்கும் வேறுபாடு உண்டன்றோ?

ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்களிலோ இவை சேதன இரசாயனம், அசேதன இரசாயனம். ஈழத்தார் அறிவியல் தமிழுக்குச் செய்த தொண்டு சிறிதன்று. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் இந்த இணையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சேதனம் என்றால் உணர்வுடையது. நெகிழிப் பைக்கு உணர்வா? ஆங்கிலத்தில் செத்த கொள்கை, வடமொழிச் சொல்லில் மறுபிறவி எடுத்துவந்ததுபோல் இருக்கிறது.

அங்காடிக்குப் போனால் குழப்பம் இன்னும் சுவையானது. ‘ஆர்கானிக்’ என்று அச்சிட்ட பொட்டலங்கள் அணிவகுத்து நிற்கின்றன. உப்புக்கும் அந்தப் பட்டத்தை ஒட்டுவோர் உண்டு! கரியின் நிழல்கூடப் படாத சோடியம் குளோரைடுக்கு ‘ஆர்கானிக்’ பட்டம்! உழவனிடம் போ. ‘ஆர்கானிக்’ வேளாண்மை என்றால் யூரியா மூட்டை வயலுக்குள் வரக்கூடாது. வேதியியல் வகுப்புக்குப் போ. அங்கே ‘ஆர்கானிக்’ வரலாற்றின் கதாநாயகனே யூரியாதான்! ஒரே சொல் இரண்டிடத்தில் இரண்டு முகம் காட்டுகிறது. நாமோ வயலுக்கு ‘இயற்கை வேளாண்மை’ என்றும், வகுப்புக்குக் ‘கரிமச் சேர்மம்’ என்றும் இரண்டு சொல் வைத்திருக்கிறோம். வைத்திருந்தும் அங்காடிப் பலகையில் ஆங்கிலத்தை எழுதிக் குழம்புகிறோம்.

இந்நேரம் ஆங்கில அன்பர் ஒருவர் குறுக்கே வருவார். நாடகக்காரன் என்பதால், அவரை மேடைக்கே அழைத்துவிடுகிறேன்.

“தமிழிலே வேதியியலா? எங்கே, ஆக்சிஜனுக்குத் தமிழ் சொல் பார்க்கலாம்!”

“ஆங்கிலத்தில் அதற்கு என்ன ஐயா?”

“ஆக்சிஜன்தான்.”

“அது பிரெஞ்சுக்காரர் கிரேக்க வேரெடுத்துச் செய்த சொல்லாயிற்றே! ஆங்கிலம் எப்போது ஆயிற்று?”

“அது வந்து... புழக்கத்தில் வந்துவிட்டது.”

“போகட்டும். சோடியத்துக்குக் குறியீடு?”

“என்ஏ.”

“சோடியம் என்ற சொல்லில் ‘என்’ எங்கே ஐயா இருக்கிறது? இரும்புக்கு எஃப்ஈ என்கிறீர். பொன்னுக்கு ஏயூ என்கிறீர். எந்த ஆங்கிலப் பெயரில் அந்த எழுத்துகள் உள்ளன?”

அன்பர் உள்ளே போய்விடுவார். நேட்ரியம், ஃபெர்ரம், ஆரம் என்ற இலத்தீன் பெயர்களின் தலையெழுத்துகள் அவை. இலண்டன் மாணவனும் அவற்றை அயல்மொழியாகத்தான் கற்கிறான். கடன் வாங்காத மொழி ஏதும் இந்தத் துறையில் இல்லை.

கடன் வாங்கியதோடு நின்றார்களா? பிழையையும் வாங்கினார்கள். இலவாசியேயும் அவர் தோழர் மூவரும் 1787இல் பாரிசில் வேதியியலுக்குப் புதுப்பெயர் நூல் கண்டனர். அதற்குமுன் ‘ஆன்டிமனி வெண்ணெய்’ என்பார்கள், ‘துத்தநாகப் பூ’ என்பார்கள், பூவுமில்லை, வெண்ணெயுமில்லை. பெயரைக் கேட்டால் பொருளின் ஆக்கம் விளங்கவேண்டும் என்றார் இலவாசியே. சல்பைடு, சல்பைட்டு, சல்பேட்டு என்று ஈறு மாறும்போதே உள்ளிருப்பதும் மாறுகிறதென்று தெரியும் முறை அன்று பிறந்தது. மிகப்பெரிய புரட்சி! ஆனால் அதே இலவாசியே, எல்லா அமிலத்திலும் இருப்பது இதுவே என்று தவறாக எண்ணி, ‘அமிலமாக்கி’ என்ற பொருளில் ஆக்சிஜன் என்று பெயரிட்டார். உப்பிலிருந்து எடுக்கும் அமிலத்தில் ஆக்சிஜன் அணுவளவும் இல்லை. குளோரின் தனித்த தனிமமே என்று 1810இல் டேவி நிலைநாட்டினார். யார் பெயரை மாற்றினார்கள்? செருமானியர் ‘புளிப்புப் பொருள்’ என்றே இன்றும் அழைக்கிறார்கள். 1837முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த தம் நூலில் ஜப்பானிய அறிஞர் உதகாவா யோஆன் அதே பிழையைத் தம் மொழிக்கு மாற்றிச் ‘சான்சோ’, அமிலத் தனிமம், என்று பெயரிட்டார். ஜப்பான் கெட்டுப்போயிற்றா? 2016இல் 113ஆம் தனிமத்துக்கே ‘நிஹோனியம்’ என்று தன் நாட்டுப் பெயரைச் சூட்டி உலகத்தை ஏற்கவைத்தது. குறையுள்ள தாய்மொழிச் சொல்லோடு தொடங்கியவர்கள், தனிமத்துக்கே பெயர்சூட்டும் இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

இன்னொன்றும் கேள். கோபால்ட், நிக்கல் என்று இரண்டு உலோகங்கள். செருமானியச் சுரங்கத் தொழிலாளர் சில கனிமங்களைச் சுட்டபோது எதிர்பார்த்த வெள்ளி வரவில்லை, செம்பு வரவில்லை. நச்சுப் புகைதான் வந்தது. ஆர்சனிக் கலந்த புகை. மலைக்குள் இருக்கும் குட்டிச்சாத்தான் உலோகத்தைத் திருடிவிட்டது என்று அஞ்சி, அந்தக் கல்லுக்குக் ‘கோபோல்ட்’ என்று சாத்தானின் பெயரையே வைத்தனர். மற்றொன்றுக்குச் செம்புப் பேய் என்ற பொருளில் ‘குப்பர்நிக்கல்’ என்றனர். 18ஆம் நூற்றாண்டில் சுவீடன் அறிஞர்கள் அந்தக் கற்களிலிருந்து புதிய உலோகங்களைப் பிரித்தார்கள். நிக்கல் வந்தது 1751இல். சாத்தான் பொய் என்று தெரிந்தது. ஆயினும் தொழிலாளி வைத்த பெயரைத் தூக்கி எறியவில்லை. அழுக்கேறிய சுரங்கச் சொல், தனிம அட்டவணையிலே அமர்ந்துவிட்டது!

நம் தொழிலாளியின் சொல்லுக்கு அந்த மதிப்பு உண்டா, தோழ?

“ஈயம் பூசலையோ, ஈயம்!” என்று தெருவிலே குரல் கொடுத்துவந்தவரை உன் பாட்டி அறிவார். மண்ணிலே குழி வெட்டி, துருத்தி வைத்து ஊதி, களிம்பேறிய பித்தளைக் குண்டானைச் சுட்டு, நவச்சாரத்தைத் தூவுவார். குபீரென்று வெண்புகை எழும். வெள்ளீயத்தை இழைத்துப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார். உட்புறம் நிலவாய் மின்னும். அந்தப் புகைக்குள் நடந்தது என்ன? நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது உலோகத்தின்மேல் படிந்த ஆக்சைடை அரித்துத் துடைக்கிறது. துடைத்த இடத்தில் ஈயம் பிடிக்கிறது. மேல்நிலைப் பள்ளிப் பாடம் முழுவதும் அந்தத் தெருமுனைக் குழியில் நடந்தது. ஆனால் பையன் ‘அம்மோனியம் குளோரைடு’ என்று மனப்பாடம் செய்கிறான். அதுவே தன் தெருவில் தூவப்பட்ட நவச்சாரம் என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

ஒன்றா, இரண்டா? பொற்கொல்லரின் வெங்காரம் போராக்ஸ். முடிதிருத்துவோர் கீறலில் தடவுவதும், கலங்கல் நீரைத் தெளிவிப்பதும் படிகாரம். சிவகாசியின் வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட். மயில்துத்தம் என்றும் துருசு என்றும் சொல்கிறோமே, அது காப்பர் சல்பேட்டு. அதைச் சுண்ணாம்போடு கலந்து பிரான்சில் போர்டோ வட்டாரத்துத் திராட்சைக் கொடிக்குத் தெளித்தார்கள் 1880களில். இன்று நம் உழவரும் அதே போர்டோக் கலவையைத் தெளிக்கிறார்கள். நாட்டு மருந்துக்கடையின் அன்னபேதி, இரும்பின் சல்பேட்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்ற தாய்க்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் தூய்மைப்படுத்திய வடிவில் இருப்பது அதுவே. (அதற்காகக் கடைச்சரக்கை வாங்கி விழுங்கிவிடாதே! தூய்மையும் அளவும் அங்கே யாரும் பார்ப்பதில்லை.)

சுண்ணாம்புக் காளவாய்க்காரரைக் கேள். ‘சுட்டது’, ‘நீற்றியது’ என்று இரண்டே சொல்லில் வினை முழுவதையும் சொல்லிவிடுவார். நூறு கிலோ தூய கிளிஞ்சலை ஏறத்தாழ 900 பாகைச் சூட்டில் சுட்டால் 44 கிலோ கரியமிலவாயுவாய்ப் பறந்துவிடும்; 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு நிற்கும். அதன்மேல் நீர் விட்டால் கொதித்துச் சீறி மாவாய் உதிரும். அதுவே நீறுதல். சுவரிலே பூசினால், பறந்துபோன அதே கரியமிலவாயுவைக் காற்றிலிருந்து மெல்ல வாங்கி மறுபடியும் கல்லாகும். ‘நீற்று’ என்ற வினைச்சொல்லுக்கு நிகராக ஆங்கிலத்தான் ‘தாகம் தீர்த்த சுண்ணாம்பு’ என்கிறான். எது அழகு, நீயே சொல்.

பழைய சொல்லெல்லாம் பொன் என்று நான் வாதாட வரவில்லை. ‘ஈயம்’ என்ற சொல்லையே பார். வெள்ளீயம் ஒன்று, காரீயம் மற்றொன்று. உரோமாபுரியில் பிளினி என்பவரும் கரும் பிளம்பம், வெண் பிளம்பம் என்று இப்படித்தான் பிரித்தெழுதினார். இரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். காரீயமோ பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. பெட்ரோலில் கலந்துவந்த அதை உலகம் முழுவதும் ஒழித்து முடிக்க 2021 வரை ஆயிற்று. ஆனால் செய்தித்தாளில் இரண்டுக்கும் வெறும் ‘ஈயம்’ என்றே எழுதுகிறார்கள். நல்ல சொம்பைக் கண்டு தாய் அஞ்சுகிறாள். விற்பவன் காரீயம் கலந்து ஏமாற்றினாலும் அவளுக்குத் தெரிவதில்லை. முன்னோர் இரண்டு அடைமொழி வைத்தது வீணுக்கா?

பாடநூலார் ஆக்கிய சொல்லெல்லாம் பொன் என்றும் சொல்லேன். பிளீச்சிங் பவுடரைச் ‘சலவைத்தூள்’ என்று நூலில் எழுதினார்கள். வீட்டிலே சலவைத்தூள் என்றால் துணி துவைக்கும் சோப்புத்தூள் அன்றோ? சோப்புத்தூளென்று எண்ணி, கழிவறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் என்ன ஆகும் தெரியுமா? குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் செருமானியர் படைமீது ஏவினார்களே, அதே வாயு! இந்த இடத்தில் ‘பிளீச்சிங் பவுடர்’ என்று எல்லாரும் சொல்வதே நன்று. உயிரைக் காக்கும் சொல் எந்த மொழியில் இருந்தாலும் எடுத்துக்கொள்வேன்.

ஆக, என் கட்சி இது: தனிமங்களின் பெயரை உலகம் அழைப்பதுபோல் அழைப்போம். ஆக்சிஜனை உயிர்வளி என்று அழைக்கிறார்கள், அழகிய சொல்தான். ஆனால் 118 தனிமத்துக்கும் அழகிய சொல் தேடப் புகுந்தால் பேரப்பிள்ளை காலம் வரை தேடல்தான் நடக்கும், சோதனை நடக்காது. பெயர் வரட்டும், வினையும் உறவும் தமிழாய் இருக்கட்டும். ஒன்றாய் நிற்பது தனிமம்; சேர்ந்து நிற்பது சேர்மம்; பிணைக்கும் திறன் இணைதிறன்; வினையை விரைவுபடுத்துவது வினையூக்கி. எந்தச் சிற்றூர்ச் சிறுமிக்கு இவை விளங்கா? சிவகாசியில் எந்தச் சொல்லாக்கக் குழுவும் கூடவில்லை. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. பச்சை வண்ணம் தரும் உப்பு அது. அதன்பின் ‘பேரியம்’ தொழிலாளர் வாயில் சோறு, தண்ணீர்போல ஆகிவிட்டது. வயிற்றோடு தொடர்புடைய சொல்லை மக்கள் ஒருநாளும் மறப்பதில்லை.

இவ்வழி நேற்று வெட்டிய வழியும் அன்று. அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற வேதியியல் நூலையும் தமிழில் தந்தார். மருத்துவன் நோயாளியின் மொழியில் படிக்கவேண்டும் என்று அந்த அயல்நாட்டாருக்குத் தோன்றியது. சேலத்தில் 1916இல் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டனர். ‘திண்ணை இரசாயனம்’ என்றும் அவர் எழுதினார். அவருடைய அரசியல் வேறு கதை. 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதி வெளியிட்டது. சொல் இல்லாமல் நாம் நிற்கவில்லை. இருக்கும் சொல்லை ஆள மனமில்லாமல் நிற்கிறோம்.

சரி, உயிரற்றது என்று ஒதுக்கினார்களே, அந்தக் கனிமத்தின் கதைக்கு வருவோம். உன் குருதி ஏன் சிவப்பு? ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். இலை ஏன் பச்சை? பச்சையத்தின் நடுவிலே மக்னீசியம். பி12 வைட்டமினின் நெஞ்சில் அந்தக் குட்டிச்சாத்தான் கோபால்ட் உட்கார்ந்திருக்கிறது! அதன் கட்டமைப்பைக் கண்டுசொன்ன டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார் 1964இல் நோபல் பரிசு பெற்றார். நடுவிலே ஓர் உலோகம், சுற்றிலும் அதைத் தழுவி நிற்கும் கூட்டம் என்ற இந்த அமைப்பை 1893இல் விளக்கியவர் ஆல்பிரட் வெர்னர். 1913இல் அதற்கு நோபல். நம் பாடநூல் இதற்கு ‘அணைவுச் சேர்மம்’ என்று பெயர் தந்தது. தமக்குரிய எலக்ட்ரானை ஈந்து நிற்பதற்கு ‘ஈனி’ என்று பெயர். அணைவு! ஈனி! இந்தச் சொற்களை ஆக்கியவர் யாராயினும் அவருக்கு என் வணக்கம். பிளாட்டினத்தின் அணைவுச் சேர்மம் ஒன்றை 1840களில் இத்தாலியர் பெய்ரோனே ஆக்கி வைத்தார். நூறாண்டுக்குமேல் கண்ணாடிப் புட்டியில் தூங்கியது. 1965இல் ரோசன்பர்க் குழுவினர் அது உயிரணுப் பெருக்கத்தைத் தடுப்பதைக் கண்டனர். 1978இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக ஏற்கப்பட்டது. ‘சிஸ்பிளாட்டின்’ என்று மருத்துவமனைச் சீட்டில் நீ கண்டிருக்கலாம்.

அணைவது வாழவைக்கவும் செய்யும், கொல்லவும் செய்யும், தோழ. இனி நான் சொல்லப்போவதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

“விஷவாயு தாக்கித் தொழிலாளர் மூவர் பலி.” ஆண்டுதோறும் படிக்கிறோம். கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடை. ஊர்ப்பெயர் மட்டும் மாறும். அந்தத் தலைப்பை இலக்கணக்காரனாக நின்று படித்துப் பார். தாக்கியது எது? வாயு. எழுவாயாக எழுந்து நிற்பது வாயு! ஆளை உள்ளே இறக்கியவன் எங்கே? வாக்கியத்திலேயே இல்லை. கூலி பேசியவன் இல்லை, கருவி கொடாதவன் இல்லை, மேற்பார்வை பார்க்காத அதிகாரி இல்லை. ஏதோ புலி பாய்ந்ததுபோல வாயு தாக்கிவிட்டதாம்.

அந்த வாயுவுக்காவது பெயர் சொல்கிறார்களா? அதுவுமில்லை. ‘விஷவாயு’ என்று முகமூடி போட்டுவிடுகிறார்கள். பெயரைச் சொல்லுங்களய்யா! பெரும்பாலும் அது ஹைட்ரஜன் சல்பைடு. ஹைட்ரஜனும் கந்தகமும் சேர்ந்த எளிய கனிமச் சேர்மம். காற்றுப் புகாத இருட்டில் நுண்ணுயிர்கள் கழிவிலுள்ள சல்பேட்டைச் சிதைத்து விடும் மூச்சு அது. (உயிர் ஆக்கியதுதான், ஆயினும் ‘உயிரற்ற’ பட்டியல்!) பெயர் தெரிந்தால் குணம் தெரியும். குணம் தெரிந்தால் ஆள் பிழைப்பான்.

குணத்தைக் கேள். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே அழுகிய முட்டைபோல் நாறும். பத்து இலட்சத்தில் நூறு பங்கு ஆனால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும்; நாற்றம் தெரியாது! உள்ளே இருப்பவன், “நாற்றம் போய்விட்டது, வாயு கலைந்துவிட்டது” என்று எண்ணுகிறான். உண்மையில் அந்த நேரத்தில்தான் வாயு கூடியிருக்கிறது. எழுநூறு, ஆயிரம் என்று ஏறினால் சில மூச்சிலேயே நினைவு தப்பும். நம் உயிரணுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதி ஒன்றின் நடுவிலும் இரும்புதான் இருக்கிறது. சல்பைடு போய் அந்த இரும்பை அணைத்துக்கொள்கிறது. காற்று நுரையீரலுக்கு வந்தாலும் உடலால் அதை ஆள முடியாது. காற்றைவிடக் கனமான வாயு. தொட்டியின் அடியில் தங்கும். குனிந்தவன் முதலில் விழுவான். அவனைத் தூக்க இறங்கும் அண்ணன் இரண்டாவது விழுவான். அவர்களைத் தேடி இறங்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்றாவது. ‘மூவர் பலி’ என்ற எண்ணிக்கை இப்படித்தான் வருகிறது, தோழ.

சட்டம் இல்லையா? 1993இல் ஒன்று, 2013இல் மற்றொன்று. பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் ஆளை இறக்கித் துப்புரவு செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. முதற்குற்றத்துக்கே ஈராண்டுவரை சிறை, இரண்டு இலட்சம்வரை தண்டம், அல்லது இரண்டும். 1993முதல் இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் என்று 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் முப்பது இலட்சமாக உயர்த்தியது. சட்டப் புத்தகத்தில் குற்றவாளி இருக்கிறான். செய்தித் தலைப்பில்தான் இல்லை. குழிக்குள் இறங்குவோர் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பொருள்களை இரு சாதியாகப் பிரித்த கொள்கை 1828இலேயே ஆட்டம் கண்டுவிட்டது. இந்தச் சாதி இன்னும் குழிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஆகவே உன்னிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குத் தோரணம் கட்டும் செலவில் ஒரு பங்கை எடுத்து, தகரப் பலகைகள் எழுதச் சொல். வாசகம் இது:

‘இதனுள் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கலாம். காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். நாற்றம் நின்றால் ஆபத்து நீங்கியதென்று எண்ணாதே, கூடியதென்று எண்ணு. ஆளை இறக்காதே, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒருவர் விழுந்தால் பின்னால் இறங்காதே. தீயணைப்புத் துறையை அழை: 101.’

எழுத்துகள் ஐந்து விரல் உயரமாவது இருக்கட்டும். நம் படிப்பகத்துச் சுவரில் மாட்டிவைக்காதே. அடுக்குமாடி வீடுகளின் பின்புறம், திருமண மண்டபங்களின் பக்கவாட்டில், தொட்டியின் மூடி எங்கே இருக்கிறதோ அங்கே நடு.